ஒப்கோ சல்கின்

எங்கள் காரா-பெல் ஊரில் என்னை யாரும் வெறும் சல்கின் என்று கூப்பிடுவதில்லை. ஒப்கோ சல்கின் என்பார்கள். ஒப்கோ என்றால் நுரையீரல். மாவட்டக் கால்நடை ஆய்வகத்தில் எனக்குப் பதினெட்டு வருடச் சேவை. அந்தப் பதினெட்டு வருடமும் வீடு வீடாகப் போய் ஒரே பாட்டைத்தான் பாடியிருக்கிறேன்: ஆட்டை அறுத்தால் நுரையீரலையும் ஈரலையும் நாய்க்குப் போடாதே, புதை, இல்லாவிட்டால் எரி. கல்யாண வீடு, சாவு வீடு என்று பார்க்க மாட்டேன். கத்தி எடுத்தவர் பக்கத்தில் போய் நின்றுவிடுவேன். "வந்துட்டாய்யா ஒப்கோ" என்று முணுமுணுத்துக்கொண்டே மண்வெட்டியைத் தேடுவார்கள்.

கிர்கிஸ் மொழியில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒருவர் மேல் நமக்கு இருக்கும் மனத்தாங்கலையும் ஒப்கோ என்றுதான் சொல்வோம். நான் சட்டென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவள். ஆகவே பட்டப்பெயர் எனக்கு இரண்டு பக்கமும் பொருந்திவிட்டது. வைத்தவர் வேறு யாருமில்லை, என் அக்கா கெஞ்சேகானின் கணவர் ஓர்மோஷ்தான். அக்கா புருஷனும் கொழுந்தியாளும் ஒருவரை ஒருவர் வாராமல் விட்டால் எங்கள் ஊரில் அதைக் குடும்பச் சண்டை என்றே நினைத்துக்கொள்வார்கள்.

இந்த ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போனபோது ஓர்மோஷ் அத்தான் என்னை வாரவில்லை. சுவரில் துப்பாக்கி சாய்ந்திருந்தது. அவர் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டியா?" என்றார்.

"பாத்துட்டேன். புழு முட்டை இருக்கு."

முற்றத்தின் கோடியில் கட்டியிருந்த அக்தோஷ் என் குரல் கேட்டு வாலை ஆட்டியது. மூன்று வயது வேட்டைநாய். கால் நீளம், இடுப்பு ஒடுக்கம், மார்பில் மட்டும் ஒரு கை அகல வெள்ளை. அதன் மலத்தைத்தான் திங்கட்கிழமை குச்சியால் எடுத்துக் குப்பியில் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

அக்கா வாசற்படியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைநகரில் அவளுடைய ஈரலிலிருந்து ஒரு முஷ்டி அளவு நீர்க்கட்டியை எடுத்திருந்தார்கள். நாயின் குடலில் வாழும் ஒரு சின்னப் புழு. அதன் முட்டை நாயின் ரோமத்தில் ஒட்டி, நம் கைக்கு வந்து, கையிலிருந்து வாய்க்குப் போனால், உள்ளே இப்படிக் கட்டியாக வளரும். நாய்க்கு அதனால் தும்மல்கூட வராது. மனிதருக்குத்தான் வயிற்றைக் கிழிக்க வேண்டும். இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து மே மாத நடுவில்தான் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். இன்னொரு தடவை கத்தி வைத்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் அத்தானைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"அப்ப முடிஞ்சுது" என்றார் அத்தான். "சனிக்கிழமை ஓடைப் பக்கம் கூட்டிட்டுப் போறேன்."

"அத்தான், அக்காவுக்கு இருந்த கட்டி பத்து வருஷத்துக் கட்டி. டாக்டரே சொன்னாரு. இதுக்கு வயசு மூணு. இது பொறக்கறதுக்கு முன்னாடி வந்த நோய்க்கு இத எப்படி சுடுவீங்க?"

"நீ படிச்சவ. உனக்கு வருஷக்கணக்கு தெரியும். எனக்கு ஒண்ணுதான் தெரியும். அவ கை எப்பவும் இதோட கழுத்துலதான் இருக்கு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர்களுக்குக் குழந்தை கிடையாது. தாய் செத்துப்போன இந்தக் குட்டியைப் பால்புட்டி வைத்து வளர்த்தவள் அக்கா. ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசியில் பேசும்போது அத்தானை விசாரிப்பதற்கு முன்னால் நாயை விசாரிப்பாள். அதற்காக அத்தான் ஒரு நாள் முழுக்க ஒப்கோவாக இருந்தார்.

"முட்டைய மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றேன். "இந்த இனத்துப் புழுவெல்லாம் முட்டையில ஒரே மாதிரிதான் இருக்கும். ஒண்ணும் பண்ணாத புழுவாகூட இருக்கலாம். அக்காவுக்கு வந்த ஆட்டு வகையா இருக்கலாம். நரி வகையாவும் இருக்கலாம். புழுவையே எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"வித்தியாசம் என்ன?"

"ஆட்டு வகை, ஆட்டோட நுரையீரல், ஈரல் தின்னா வரும். நரி வகை, வயல் எலி தின்னா வரும்."

அத்தான் துணியை மடித்து வைத்தார். 

"நம்ம கையால வந்ததுன்னா நம்ம கைய நாம கட்டிப் போட்டுக்கலாம். எலிக்கு நான் காவல் போட முடியாது, சல்கின். இது வேட்டைநாய். அவுத்து விட்டா வயலுக்குத்தான் போகும். நரி வகைன்னா சுட்டுருவேன். அப்புறம் உன் அக்கா என்னோட பேசாம இருந்தாலும் சரி. பேசாம இருக்கறதுக்காவது அவ இருக்கணும்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் அழவில்லை. "நீ பாத்து சொல்லு" என்றாள். "உன் கண்ணு பொய் சொல்லாது."

அந்த வார்த்தைக்கு நான் தகுதியில்லாதவள். காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மார்ச் மாதத் தொடக்கத்தில், அக்காவை நகரத்துக்குக் கொண்டுபோவதற்கு முந்தின வாரம், ஒப்கோ அடித்தோம். நோயாளியின் முதுகில், அப்போது அறுத்த ஆட்டின் சூடு ஆறாத நுரையீரலால் அடித்து, "கோச், கோச்" என்று நோயைக் கிளம்பிப் போகச் சொல்வார்கள். அடிப்பதற்கென்று பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் வருவாள். அடித்து முடித்ததும் நோய் அந்த நுரையீரலுக்குள் போய்விட்டதாகக் கணக்கு. அதை, அவள் என் காதில் மட்டும் சொன்னபடி, கூடப்பிறந்த ஒருவர் வீட்டுக்குப் பின்பக்கம் கொண்டுபோய் நாய்க்கு எறிய வேண்டும். யாரும் கூட வரக் கூடாது. எறிந்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. எறிந்தது யார் என்று பிறகு பேச்சு எடுக்கக் கூடாது.

எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அக்காவுக்கு இருந்தது. அடி விழ விழ அவள் தோள் தளர்ந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதத்தில் முதல்முறையாக அவள் முகத்தில் பயம் இல்லை. அப்போது அந்தப் பெண் ரத்தம் சொட்டும் நுரையீரலை என் கையில் வைத்தாள். கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான்.

மண்வெட்டி கொட்டகையில்தான் இருந்தது. புதைத்திருக்கலாம். குறைந்தபட்சம் கத்தியால் கீறி உள்ளே கட்டி இருக்கிறதா என்றாவது பார்த்திருக்கலாம்; பார்த்திருந்தால் அதுவே போதும். ஊரில் யார் வீட்டு நுரையீரல் என்றாலும் கீறிப் பார்க்காமல் விட்டதில்லை. அன்றைக்கு நான் ஆய்வகக்காரி இல்லை. சொன்னபடி செய்யாவிட்டால் அக்கா செத்துப்போவாள் என்று அந்தப் பின்பக்கத்தில் நானும் நம்பிவிட்டேன். எறிந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. அக்தோஷ் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

பிப்ரவரியில்தான் ஊர் நாய்களுக்கெல்லாம் என் கையால் புழு மாத்திரை கொடுத்திருந்தேன், அக்தோஷுக்கும் சேர்த்து. அக்கா நகரத்தில் இருந்த இரண்டு மாதமும் நாய் என் வீட்டு முற்றத்தில் சங்கிலியில் கிடந்தது. வாற்கோதுமைக் கஞ்சி தவிர வேறெதுவும் நான் போடவில்லை. மே மாதம் கொடுக்க வேண்டிய மாத்திரை மேலிடத்திலிருந்து வந்து சேரவே ஜூன் ஆகிவிட்டது. இடையில் நாய் இரண்டு தடவை சங்கிலியைக் கழற்றிக்கொண்டு வயலுக்கு ஓடிப்போனது. எலி தின்றிருக்கலாம். அந்த எலியைத்தான் நான் மலைபோல நம்பியிருந்தேன். எலியால் வந்தது என்றால் என்னால் வந்ததில்லை.

ஆனால் எலியால் வந்தது என்றால் சனிக்கிழமை நாய் உயிரோடு இருக்காது. இந்தப் பக்கம் போனால் நாய், அந்தப் பக்கம் போனால் நான்.

வியாழக்கிழமை காலையில் மருந்து கொண்டுபோனேன். பாக்கிலிருந்து எடுக்கும் மருந்து. எங்கோ வெயில் நாடுகளில் பாக்கை மனிதர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு சும்மா மெல்லுவார்களாம். இங்கே அதன் சத்து சில துளி உள்ளே போனால் நாயின் குடல் கழுவியதுபோல் காலியாகிவிடும். முற்றத்துக்கு வெளியே தரிசில் முளை அடித்து, கீழே தடித்த பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, அக்தோஷைக் குட்டைச் சங்கிலியில் கட்டினேன். கையுறை, முகமூடி, ரப்பர் பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டேன். அத்தான் தள்ளி நின்று குழி வெட்டினார்.

"இந்த உடுப்புல உன்னப் பாத்தா எந்த நாய்க்கும் தானா வயித்தால போகும்" என்றார். மூன்று நாளில் முதல் கிண்டல். எனக்கு அழுகை வரப் பார்த்தது.

அக்காவை வேலிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தோம். கிட்டே வரக் கூடாது என்று ஆயிரம் தடவை சொல்லியிருந்தேன். மருந்து உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் நாயின் வாயில் எச்சில் ஒழுகியது. கால்கள் நடுங்கின. முதுகை வளைத்து முக்கியது. வயிற்றை ஒடுக்கிக்கொண்டு எங்களையெல்லாம் விட்டுவிட்டு வேலியைப் பார்த்தது.

"இங்கதான்டா இருக்கேன்" என்றாள் அக்கா அங்கிருந்தே. "எனக்கும் இப்படித்தான் பண்ணாங்க. கொஞ்ச நேரந்தான். முடிஞ்சதும் ரொட்டி தருவாங்க."

"அது பொட்டை நாய், அக்கா. 'டா' போட்டுக் கூப்பிடற" என்றேன்.

"அதுக்கு அது தெரியும். நீ உன் வேலையப் பாரு."

நாய் அவள் குரலைப் பிடித்துக்கொண்டே நின்றது. கடைசியில் சளியும் சவ்வுமாக வெளியே வந்தது. சளியில் வெள்ளை வெள்ளையாக நூல் துணுக்குகள். ஓர் அரிசியின் நீளம்கூட இருக்காது. எண்ணினால் நூறைத் தாண்டும்.

"அதா?" என்றார் அத்தான்.

"அதுதான். தள்ளியே நில்லுங்க."

ஒரு கரண்டியில் எடுத்துக் குப்பியில் போட்டு மருந்து ஊற்றி மூடினேன். மீதியைக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, குழியில் தள்ளி, விரிப்போடு சேர்த்துக் கொளுத்தினோம். பிறகு புழு மாத்திரையைக் கொழுப்பில் பொதிந்து நாய்க்குக் கொடுத்தேன். தரையையும் முளையையும் எரிவாயுச் சுடரால் வாட்டினேன். இத்தனையும் செய்யத் தெரிந்தவளுக்கு மார்ச் மாதம் ஒரு குழி தோண்டத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஆய்வகத்தில் உருப்பெருக்கி முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு வகைப் புழுவும் கண்ணுக்கு ஒன்றுதான். ஒரு தலை, அதில் கொக்கிகள், கழுத்து, அப்புறம் மூன்று நான்கு கண்ணிகள். வித்தியாசம் கடைசிக் கண்ணியில். அது உடம்பில் பாதிக்கு மேல் நீளமாக இருந்தால் ஆட்டு வகை. பாதிகூட இல்லாமல் குட்டையாக இருந்தால் நரி வகை.

ஒப்பிட்டுப் பார்க்க அலமாரியிலிருந்து பழைய கண்ணாடித் தகடு ஒன்றை எடுத்தேன். ஜனவரியில் அக்தோஷே பிடித்த நரியின் குடலிலிருந்து எடுத்தது. அந்த நரியின் தோல் அக்கா வீட்டுச் சுவரில் தொங்குகிறது. நரிப் புழுவின் கடைசிக் கண்ணி குட்டை, உருண்டை. இப்படியே இரு, இப்படியே இரு என்று வேண்டிக்கொண்டு புதுத் தகட்டை வைத்தேன். வேண்டிக்கொண்டது நாயைக் கொல்லும் வேண்டுதல் என்பது தகட்டை நகர்த்தும்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டேதான் பார்த்தேன்.

முதல் புழு: கடைசிக் கண்ணி நீளம். நசுங்கி நீண்டிருக்கும் என்றேன், எனக்கு நானே. இரண்டாவது, நீளம். மூன்றாவது, நீளம். பதினோரு புழுக்களை அளவு போட்டேன். பதினொன்றும் ஆட்டு வகை.

பதிவேட்டில் எழுதினேன். பேனா தடுமாறவில்லை. எழுதுவது எனக்கு எப்போதுமே எளிது. சொல்வதுதான் பாக்கி இருந்தது.

சாயங்காலம் போனபோது அத்தான் முற்றத்தில் நின்றிருந்தார், நான் வருவதை ரொம்ப நேரமாகப் பார்த்தபடி. அக்கா வாசற்படியில்.

"ஆட்டு வகை" என்றேன். "எலி இல்ல. நம்ம கையால வந்ததுதான். மாத்திரை கொடுத்தாச்சு, புழு செத்தாச்சு. மூணு நாள் கட்டியே இருக்கட்டும், போறதையெல்லாம் எரிக்கலாம். அப்புறம் நல்லா குளிப்பாட்டணும். மாசா மாசம் மாத்திரை. அவ்வளவுதான்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது.

அத்தானின் முகம் தெளியவில்லை. விரல் விட்டு எண்ணினார். "பிப்ரவரியில நீ மாத்திரை கொடுத்த. அதுக்கப்புறம் இந்த வீட்டுல நான் அறுத்தது ஒரே ஆடு. இவளுக்காக அறுத்தது." நிறுத்தினார். "அந்த ஒப்கோ."



"நான்தான" என்றார். குரல் உடைந்திருந்தது. "அந்தப் பொம்பளைய போய்க் கூட்டிட்டு வந்தது நான். ஆட்ட பொறுக்கினது நான். என் கையாலயே அறுத்து, இவளக் காப்பாத்தறேன்னு நோயக் கொண்டாந்து இவ மடியில கட்டி விட்டுருக்கேன். நாயச் சுடணும்னு வேற நின்னேன்."

துப்பாக்கி இன்னும் அதே சுவரில் சாய்ந்திருந்தது. அவர் அதைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்தாறு வயது மனிதர், மலையில் ஓநாயோடு மல்லுக்கு நின்றவர், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவரே அந்தப் பாரத்தைச் சாகும்வரை சுமந்துகொள்வார். எறிந்தவர் யார் என்று கேட்கக் கூடாது என்பது வழக்கம். அவர் கேட்கவும் இல்லை.

"எறிஞ்சது நான், அத்தான்."

அவர் நிமிர்ந்தார்.

"அது கூடப்பிறந்தவங்க எறியணுமாம். என் கையில கொடுத்தாங்க. புதைக்கல. கீறிக்கூட பாக்கல. ஆடு அறுக்கறது உங்க வேலை, அறுத்தீங்க. நுரையீரலப் பாக்கறது என் வேலை. நான் பாக்கல. ஊரையெல்லாம் பதினெட்டு வருஷமா திட்டிட்டு, நானே எறிஞ்சேன். மூணு மாசமா தெரிஞ்சே வாய மூடிட்டு இருந்தேன். இன்னிக்குக்கூட எலியா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்."

சொல்லி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. பயம்தான். அவர் கத்துவார் என்று நினைத்தேன். எனக்கு அது வேண்டியும் இருந்தது.

 அத்தான் எழுந்து, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பெட்டி பூட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் பெரிய வாளி.

"கொழுந்தியாளச் சுட சட்டத்துல எடமில்லையாம்" என்றார். கண் சிவந்திருந்தது. "அதனால பொழச்ச. மூணு நாள் கழிச்சு நாயக் குளிப்பாட்டறது நீதான், ஒப்கோ. தண்ணி நான் காச்சித் தர்றேன்."

அவர் வாளியை வைத்துவிட்டு விறகு எடுக்கப் போனார். எனக்கு அக்காவைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. "உன் கண்ணு பொய் சொல்லாது" என்று சொன்னவள் அவள். அவளுக்கு இன்னொரு தடவை நோய் வர வழி செய்துவிட்டு, அதே கண்ணோடு அவள் வீட்டுத் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தவள் நான். இந்த ஒரு மாதமாக அவள் அந்த நாயைத் தடவியிருக்கிறாள். அடுத்த வருடம் மறுபடி படம் எடுத்துப் பார்க்கும்வரை எங்களில் யாருக்கும் நிம்மதி கிடையாது. அதையும் சொன்னேன். எதையும் விடவில்லை.

அக்கா வயிற்றுத் தையலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து வந்தாள். என் சட்டைக்கையைப் பிடித்தாள். அந்த மார்ச் மாத மாலையிலும் இதே சட்டைதான் போட்டிருந்தேன்.

"பின்பக்கத்துலேருந்து வந்தப்ப இந்தக் கையெல்லாம் ரத்தம்" என்றாள். "கண்ணெல்லாம் அழுதுருந்துது. எறிஞ்சது நீதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும். இதுலல்லாம் நம்பிக்கையே இல்லாதவ எனக்காகப் போய் எறிஞ்சாளேன்னு, ஆஸ்பத்திரியில வலி வர்றப்பல்லாம் அதத்தான் நெனச்சுக்குவேன்."

நான் விம்மிவிட்டேன். சின்ன வயதில் அவள் பொம்மையை உடைத்துவிட்டுக் கேட்பேனே, அதே கேள்வியைத்தான் கேட்டேன்.

"என் மேல ஒப்கோவா, அக்கா?"

முற்றத்தின் கோடியில் அக்தோஷ் சங்கிலியை இழுத்துக்கொண்டு அவளைப் பார்த்து முனகியது. அக்கா அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். தையல் இழுத்திருக்க வேண்டும், வயிற்றை அழுத்திக்கொண்டே சிரித்தாள்.

"ஒப்கோவா?" என்றாள். "அதத்தான் நாய் தின்னுருச்சேடி."